மூக், ஓபர்ஹைம், ஜூனோ, எம்எஸ்-20: அனலாக் சிந்த் சவுண்ட் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிந்த் (சிந்தசைஸர், மின்சாரத்துலேர்ந்தே ஒலியை உருவாக்குற வாத்தியம்) வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களும், ப்ளகின்ல (அதைக் கம்ப்யூட்டர்ல நகல் பண்ற சாஃப்ட்வேர்) ஆரம்பிச்சு இப்ப நிஜ மெஷின் பக்கம் வர்றவங்களும் என்கிட்ட திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகளை ஒரே இடத்துல போட்டிருக்கேன். தலைப்புல இருக்குற பேரெல்லாம் சிந்த் பிராண்டும் மாடலும்; அனலாக்னா டிஜிட்டல் கணக்கு இல்லாம மின்சுற்றே அலையை உருவாக்குறது. 'வார்ம்', 'ஃபேட்' இந்த ரெண்டு வார்த்தையையும் முடிஞ்ச வரைக்கும் தவிர்த்திருக்கேன். அதைச் சொன்னா எல்லாருக்கும் புரிஞ்ச மாதிரி இருக்கும், ஆனா எந்த நாபைத் திருப்பினா அது வருதுன்னு யாருக்கும் தெரியாது.

எல்லா அனலாக் சிந்த்லயும் அதே சா வேவ், ஸ்கொயர் வேவ்தானே இருக்கு? அப்புறம் ஏன் ஒவ்வொண்ணும் வேற மாதிரி கேக்குது?

ஃபில்டரை (ஒலியோட மேல் பகுதியையோ கீழ் பகுதியையோ வெட்டுற சர்க்யூட்) முழுசாத் திறந்து வெச்சு, ஒரே ஒரு ஆஸிலேட்டர்ல (அலையை உருவாக்குற சர்க்யூட்) சா வேவ் (ரம்பப் பல் வடிவ அலை) போட்டு, ஒரே நோட்டை அமுக்கிப் பாருங்க. மினிமூக்கா ப்ராஃபெட்டா ஜூனோவான்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்றது ரொம்பக் கஷ்டம், பழகின காதே தடுமாறும். அதனால நீங்க கேக்குறது பாதி சரிதான். வித்தியாசம் ஆஸிலேட்டரைத் தாண்டினதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. மனுஷக் குரல் மாதிரிதான் இதுவும், தொண்டையில பிறக்குற ஒலி வெறும் மூலப்பொருள், வாயும் மூக்கும் அதை என்ன பண்ணுதுங்கறதுலதான் இது யார் குரல்னு பெரும்பாலும் தெரியுது. சிந்த்ல அந்த வாய் ஃபில்டர். அதுக்கு அடுத்தபடியா ரெண்டு ஆஸிலேட்டர் ஒண்ணோட ஒண்ணு எப்படி உரசுது, என்வலப் (ஒரு நோட்டு எப்படி எழும்பி அடங்கணும்னு தீர்மானிக்கிற பகுதி) எவ்வளவு வேகமா எழும்புது, சிக்னல் ஜாஸ்தியானா எந்த இடத்துல மடங்குது, இதெல்லாம். ஒரு சிந்த்தைப் பத்திப் பேசும்போது நான் முதல்ல கேக்குறது ரெசனன்ஸ் (ஃபில்டர் வெட்ட ஆரம்பிக்கிற இடமான கட்ஆஃப்கிட்ட ஒலியைத் தூக்கிக் காட்டுறது) ஏறும்போது அது என்ன பண்ணுதுன்னுதான். ஆஸிலேட்டர் எத்தனைங்கறது எனக்கு அப்புறம்தான்.

மினிமூக் சவுண்ட் கனமா இருக்குன்னு சொல்றாங்களே, அந்த கனம் எங்கேர்ந்து வருது?

மினிமூக் மாடல் டி 1970ல வந்தது, மூணு ஆஸிலேட்டர், ஒரு நேரத்துக்கு ஒரு நோட்டு மட்டும். மூணு ஆஸிலேட்டரையும் லேசா சுருதி விலக்கி வெச்சா கனம் வரும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா கதை அதோட முடியல. மிக்ஸர்ல இருந்து ஃபில்டருக்குள்ள போற சிக்னல் அளவு கொஞ்சம் தாராளமானது. மூணு வால்யூம் நாபையும் மேல ஏத்தினா ஃபில்டர்ல இருக்குற ட்ரான்சிஸ்டர்கள் மெதுவா அமுங்க ஆரம்பிக்கும். கரகரன்னு டிஸ்டார்ஷன் மாதிரி தெரியாது, நோட்டு நெருக்கமா, கெட்டியா ஆன மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இன்னும் வேணும்னா ஹெட்ஃபோன் அவுட்ல இருந்து ஒரு கேபிளை எடுத்து எக்ஸ்டர்னல் இன்புட்டுக்குக் குடுக்கறது பழைய வழக்கம். அந்த நாபைக் கால்வாசி திருப்பினாலே சவுண்டுக்கு ஒரு உறுமல் வந்துடும்.

என்கிட்ட இருக்குறது ஒரிஜினல் இல்ல, அதே சர்க்யூட்டைப் பார்த்துப் பண்ணின சின்னப் பெட்டி. அதுலயும் இது நடக்குது. மிக்ஸர் நாபெல்லாம் 4ல வெச்சு ஒரு பேஸ் (கீழ் சுருதி) லைன் வாசிச்சிட்டு, அப்புறம் 8ல வெச்சு வால்யூமை மட்டும் குறைச்சு அதே லைனை வாசிச்சுப் பாருங்க, ரெண்டும் வேற வேற சிந்த் மாதிரி இருக்கும். மூக் சிந்த்தைக் கேட்டுட்டு ஏமாந்துபோன நிறைய பேர் இந்த ஒரு விஷயத்தைப் பண்ணாம விட்டவங்கதான்.

ரெசனன்ஸ் ஏத்தினா பேஸ் காணாமப் போகுதே, என் சிந்த்ல கோளாறா?

கோளாறு இல்ல, அதுதான் மூக் லேடர் ஃபில்டரோட குணம். ரெசனன்ஸ்ங்கறது ஃபில்டரோட வெளியீட்டைத் தலைகீழாக்கி திரும்ப உள்ளுக்கே அனுப்புறது. கட்ஆஃப் பக்கத்துல இருக்குற அதிர்வெண்கள் சுத்தி வரும்போது சரியா கைகோத்துக்கிட்டு பெருசாகுது, கீழ இருக்குற பேஸ் மட்டும் உள்ள வர்றதோட மோதி கழிஞ்சு போகுது. ஃபில்டர் தானாவே விசில் அடிக்க ஆரம்பிக்கிற நிலைக்குக் கொண்டு போனா, சர்க்யூட் கணக்குப்படி பேஸ் அஞ்சுல ஒரு பங்காகிடும், அதாவது சுமார் 14 டெசிபல் இறக்கம். காதுக்கு அது பெரிய பள்ளம்.

நிறைய பேர் இதைக் குறைன்னு நினைச்சு ஈக்யூல (ஒலியோட மேல், கீழ் பகுதியைக் கூட்டிக் குறைக்கிற கருவி) பேஸை ஏத்துறாங்க. எனக்கு அது பிடிக்கல, ஏன்னா மூக் லீட் டோன் (மெட்டு வாசிக்கிற சவுண்ட்) கூட்டத்துக்கு நடுவுல தனியா நின்னு கேக்குறதுக்கு ஒரு காரணமே அந்தப் பள்ளம்தான், கீழ இடம் காலியாகுறதால பேஸ் கிட்டாரோடயோ கிக் ட்ரம்மோடயோ சண்டை போடாது. பேஸ் லைனுக்குன்னா ரெசனன்ஸை மூணுக்கு மேல ஏத்தாதீங்க, போதும்.

12 டெசிபல், 24 டெசிபல்னு சொல்றாங்களே, காதுக்கு என்ன வித்தியாசம்?

கட்ஆஃப்க்கு மேல ஒவ்வொரு ஆக்டேவுக்கும் சத்தம் எவ்வளவு குறையுதுங்கற கணக்கு அது. 12ன்னா ஒரு ஆக்டேவுக்கு நாலுல ஒரு பங்கு, 24ன்னா பதினாறுல ஒரு பங்கு. 24ல மூடினா உண்மையிலேயே கதவைச் சாத்தின மாதிரி இருட்டா ஆகிடும். 12ல கதவைச் சாத்தினாலும் இடுக்கு வழியா வெளிச்சம் வரும், மேல் ஹார்மோனிக்ஸ் கொஞ்சம் கசிஞ்சுகிட்டே இருக்கும்.

இந்தக் கசிவோட அழகைக் கேக்கணும்னா ஓபர்ஹைம் எஸ்இஎம் கேளுங்க. 1974ல டாம் ஓபர்ஹைம் பண்ணின சின்ன வெள்ளைப் பெட்டி, ரெண்டு ஆஸிலேட்டர், 12 டெசிபல் ஃபில்டர். ஒரே நாபைத் திருப்பி லோபாஸ்ல (கீழ் பகுதியை மட்டும் விடுறது) இருந்து நாட்ச் (நடுவுல மட்டும் வெட்டுறது) வழியா ஹைபாஸ் (மேல் பகுதியை மட்டும் விடுறது) வரைக்கும் போகலாம், பேண்ட்பாஸ் (நடுவை மட்டும் விடுறது) தனியா இருக்கு. ரெசனன்ஸை முழுசா ஏத்தினாலும் இந்த ஃபில்டர் தானா விசில் அடிக்காது, ஒரு எல்லையோட நின்னுக்கும். அதனால எஸ்இஎம்ல மோசமான இடத்துக்குப் போறதே கஷ்டம், எங்க வெச்சாலும் காத்தோட்டமா இருக்கும். மூக் மாதிரி முன்னால வந்து மிரட்டாது. நீளமா நிக்குற கார்டுக்கு, பித்தளை வாத்தியம் மாதிரியான சவுண்டுக்கு இதுதான் எனக்கு முதல் சாய்ஸ்.

ரெண்டையும் ஒரே சிந்த்ல கேக்கணும்னா ஆர்ப் ஒடிஸி நல்ல பாடம். 1972ல ஆரம்பிச்சு அது உற்பத்தியில இருந்த காலத்துல மூணு வகை ஃபில்டர் வந்துச்சு, முதல்ல 12, அப்புறம் வந்த ரெண்டும் 24. கோர்க் 2015ல திரும்பக் கொண்டு வந்தப்ப மூணையும் ஒரு ஸ்விட்ச்ல வெச்சாங்க. ஒரே ஆஸிலேட்டர், ஒரே என்வலப், ஃபில்டரை மட்டும் மாத்தி மாத்திக் கேக்கலாம், அதைவிடத் தெளிவா இந்த விஷயத்தை யாரும் சொல்லிக் குடுக்க முடியாது.

எம்எஸ்-20 ஏன் அப்படிக் கத்துது?

கோர்க் எம்எஸ்-20, 1978. இதுல ஹைபாஸ், லோபாஸ்னு ரெண்டு ஃபில்டர், ரெண்டுக்கும் தனித்தனி ரெசனன்ஸ் நாப். மூக்ல ரெசனன்ஸ் ஏறினா டோன் மெலிஞ்சு விசிலாகும், இங்க அப்படி இல்ல, ஃபீட்பேக் பாதையிலேயே டயோடு உக்காந்து அலையைக் கடிக்குது. அதனால ரெசனன்ஸ் ஏற ஏற சுத்தமா ஆகாம கரடுமுரடா ஆகும். உள்ள போற சிக்னல் பெருசா இருந்தா ரெசனன்ஸை அமுக்கிடும், சிக்னல் சின்னதா இருந்தா ரெசனன்ஸ் கத்தும்.

ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு இதைப் பண்ணிப் பாருங்க, வால்யூமை முதல்ல குறைச்சுக்கணும், காது முக்கியம். ரெண்டு ரெசனன்ஸையும் முக்கால்வாசி ஏத்திட்டு, ஒரு கீழ் நோட்டை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு லோபாஸ் கட்ஆஃபை மெதுவா, ரொம்ப மெதுவா இறக்குங்க. ஒவ்வொரு ஹார்மோனிக்கையும் தாண்டும்போது ஒரு சின்ன இடறல் தெரியும், கதவு கீல்ல எண்ணெய் இல்லாம க்ரீச்சிடுற மாதிரி. ரெண்டு கட்ஆஃபும் ஒண்ணை ஒண்ணு நெருங்குற இடத்துல யாரோ பல்லைக் கடிச்சுக்கிட்டு பேசுற மாதிரி 'ஆ', 'ஓ'ன்னு குரல் வரும். நான் இந்த சிந்த்துக்கு அடிமையானது அந்த இடத்துலதான். இதுல பேட் (பின்னணியில நீளமா நிக்குற மென்மையான கார்டு சவுண்ட்) எதிர்பார்க்காதீங்க, அது அதோட வேலை இல்ல.

பழசுலயும் ரெண்டு வகை உண்டு. ஆரம்பத்துல வந்ததுல கோர்க்-35ங்கற சிப், பின்னாடி வந்ததுல ஓடிஏ வகை சிப். முதல் வகை இன்னும் முரட்டுத்தனம், ரெண்டாவதுல இரைச்சல் குறைவு.

ப்ராஃபெட்-5, ஓபர்ஹைம், ஜூபிடர்-8, மூணுல எது பெஸ்ட்?

பெஸ்ட் எதுன்னு சொல்ல மாட்டேன், எது எப்படின்னு சொல்றேன்.

ப்ராஃபெட்-5, 1978ல டேவ் ஸ்மித்தோட சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் கொண்டு வந்தது. பண்ணின சவுண்டை மெமரில சேமிச்சு ஒரே பட்டன்ல திரும்பக் கொண்டு வர்ற வசதியோட வந்ததுனால உலகமே மாறிச்சு. இதோட குணம் கூர்மை. பித்தளை வாத்தியம் மாதிரி சவுண்டுல ஒரு கார்டை சட்டுன்னு அடிச்சா விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். பாலிமாட்னு ஒரு பகுதி இருக்கு, ஃபில்டர் என்வலப்பையும் ரெண்டாவது ஆஸிலேட்டரையும் எடுத்து முதல் ஆஸிலேட்டரையோ ஃபில்டரையோ ஆட்டலாம், மணி உலோகம் மாதிரி சவுண்டெல்லாம் அதுலேர்ந்துதான். ரெவ் 1, ரெவ் 2ல (ரெவ்னா பதிப்பு) எஸ்எஸ்எம் கம்பெனி சிப், ரெவ் 3ல இருந்து கர்ட்டிஸ் சிப். எஸ்எஸ்எம்ல ஓரம் கொஞ்சம் உருண்டிருக்கும், கர்ட்டிஸ்ல நேரா, பளிச்சுன்னு இருக்கும். இந்தச் சண்டை ஓயாததாலதான் 2020ல வந்த ரெவ் 4ல ரெண்டு ஃபில்டரையும் ஸ்விட்ச்ல குடுத்துட்டாங்க.

ஓபர்ஹைம் ஃபோர் வாய்ஸ் இதுக்கு நேர் எதிர். நாலு எஸ்இஎம் பெட்டியைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு கீபோர்டுல மாட்டினது. நாலையும் கையாலதான் செட் பண்ணணும், எவ்வளவு கவனமா பண்ணினாலும் நாலும் ஒண்ணா வராது. கார்டுல ஒவ்வொரு நோட்டும் கொஞ்சம் வேற ஆளு பாடுற மாதிரி இருக்கும். கோரஸ் பாடுற நாலு பேர் அச்சு அசலா ஒரே குரல்ல பாடினா எப்படி நல்லா இருக்காதோ, அதே நியாயம்தான்.

ஜூபிடர்-8, 1981, எட்டு நோட்டு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு விசிஓ (வோல்டேஜை வெச்சு சுருதி மாறுற ஆஸிலேட்டர்). மூணுல ரொம்ப மெருகானது. எதையும் துருத்திக்கிட்டு காட்டாது, ரெக்கார்டிங்ல மத்த வாத்தியங்களோட நல்லா ஒட்டும்.

யமஹா சிஎஸ்-80 பத்திக் கேக்காம விட மாட்டீங்க. 1977, எடை சுமார் 100 கிலோ. அதோட ரகசியம் சர்க்யூட்ல பாதி, விரல்ல பாதி: கார்டு பிடிச்சிருக்கும்போதே ஒரே ஒரு விரலை மட்டும் அழுத்தினா அந்த நோட்டு மட்டும் பெருகும். வாசிக்கிறவரோட கை தெரியுற சிந்த் அது. கிரேக்க இசையமைப்பாளர் வாங்கெலிஸ் அதை விடாமப் பிடிச்சுக்கிட்டதுக்கு அதுதான் காரணம்னு நான் நம்புறேன்.

ஜூனோல டிசிஓதானே, அது எப்படி அனலாக்?

இது தினமும் வர்ற கேள்வி. டிசிஓல (டிஜிட்டல் கட்டுப்பாட்டுல ஓடுற ஆஸிலேட்டர்) அலையோட உருவம் அனலாக்தான், கப்பாசிட்டர் சார்ஜ் ஆகி ஏறுற சாய்வுதான் சா வேவ். எப்ப திரும்பக் கீழ விழணும்ங்கற நேரத்தை மட்டும் டிஜிட்டல் கடிகாரம் சொல்லுது. அதனால சுருதி விலகாது. ஃபில்டர், விசிஏ (சத்த அளவைக் கட்டுப்படுத்துற சர்க்யூட்) எல்லாம் அனலாக்.

விலகாததாலேயே ஒரு பிரச்சனை வருது, ஒரு நோட்டுக்கு ஒரே ஆஸிலேட்டர், அதுவும் அசையாம நிக்குது, கேட்டா கொஞ்சம் வெறுமையா இருக்கும். அதுக்குத்தான் ஜூனோ பண்ணின ரோலண்ட் கம்பெனி கோரஸ் எஃபெக்டை (அதே சவுண்டை லேசா தாமதிச்சு, ஆட்டி, திரும்பக் கலக்குறது) வெச்சாங்க. ஜூனோ-106ல கோரஸை ஆஃப் பண்ணிட்டு ஒரு கார்டு பிடிங்க, கறுப்பு வெள்ளை ஃபோட்டோ மாதிரி இருக்கும். 1வது பட்டனை அமுக்கினதும் இடது வலதுன்னு விரிஞ்சு சவுண்ட் மூச்சு விட ஆரம்பிக்கும், பின்னாடி 'ஸ்ஸ்'ன்னு லேசா இரைச்சலும் வரும். அந்த இரைச்சல் கோரஸ்ல சவுண்டைத் தாமதிக்கிற பக்கெட் ப்ரிகேட் சிப்போட இயல்பு. ஜூனோ சவுண்டுன்னு நாம ஆசைப்படுறதுல பாதி அந்த கோரஸ்தான்னு சொல்றதுல எனக்குத் தயக்கமே இல்ல.

சுருதி விலகுறது நல்லதா கெட்டதா? நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்குமா?

விசிஓல ஒரு வோல்ட் ஏறினா ஒரு ஆக்டேவ் ஏறணும். உள்ள ட்ரான்சிஸ்டர்ல அது சுமார் 18 மில்லிவோல்ட் வித்தியாசமா மாறுது, அந்த 18ங்கறது வெப்பத்தைப் பொறுத்து மாறும். ஈடுகட்டாம விட்டா, ஒரு டிகிரிக்கு ஒரு ஆக்டேவுல சுமார் 4 சென்ட் பிசகும் (100 சென்ட்னா ஒரு செமிடோன், கீபோர்டுல ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம்). ஏசி ரூம் 24 டிகிரி, ஏசியை நிறுத்தினா சென்னை மே மாசத்துல 36 டிகிரி, வித்தியாசம் 12, அப்படின்னா ஒரு ஆக்டேவுக்கு 48 சென்ட், ஏறக்குறைய ஒரு செமிடோன்ல பாதி. இதைத் தடுக்கத்தான் வெப்பத்தோட சேர்ந்து மதிப்பு மாறுற ரெசிஸ்டரை உள்ள வெக்கிறாங்க, பெரும்பகுதி சரியாகிடும், ஆனா மொத்தமும் இல்ல. அதனால ஆன் பண்ணி அரைமணி நேரம் விட்டுட்டு ட்யூன் பண்ணுங்க, ஏசி காத்து நேரா படுற இடத்துல வெக்காதீங்க.

நல்லதான்னு கேட்டா, ரெண்டு ஆஸிலேட்டர் ஒரு ஹெர்ட்ஸ் விலகி நின்னா நொடிக்கு ஒரு தடவை அலை அடிக்கும். அந்த விலகல் தானா கொஞ்சம் கொஞ்சம் மாறிக்கிட்டே இருந்தா அலையும் ஒரே வேகத்துல அடிக்காது, காது சலிக்காது. அந்த அளவு விலகல் அழகு. சிங்கரோட சேர்ந்து ரெக்கார்ட் பண்ணும்போது 20 சென்ட் ஓடிப்போனா அது அழகில்ல.

இந்தியாவுல அனலாக் சிந்த் எப்ப வந்துச்சு?

நிறைய பேர் 80கள்னு நினைக்கிறாங்க. 1969லயே அகமதாபாத் நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைன்ல மூக் மாடுலர் வெச்சு ஒரு ஸ்டூடியோ இருந்தது, அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் வந்து அமைச்சுக் குடுத்தாரு. மினிமூக் கடைக்கு வர்றதுக்கு முன்னாடி நடந்த விஷயம் இது.

அப்புறம் மும்பை சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், 1982ல ஜூபிடர்-8, டிபி-303 (பேஸ் சிந்த்), டிஆர்-808 (ட்ரம் மெஷின்) மூணையும் வெச்சு ராகங்களை டிஸ்கோ தாளத்துல வாசிச்சு ஆல்பம் போட்டாரு. 303ல ஒரு நோட்டுலேர்ந்து அடுத்ததுக்கு வழுக்கிட்டுப் போற ஸ்லைடு இருக்கு, ராகத்தோட வளைவுக்கு அது எவ்வளவு பொருந்துதுன்னு அவர் காட்டின அப்புறம்தான் எனக்கே உறைச்சுது. 303ல அக்சென்ட் (அழுத்தமா வர்ற நோட்டு) அடுத்தடுத்து வந்தா ஒரு கப்பாசிட்டர் முழுசா காலியாகறதுக்குள்ள திரும்ப நிரம்பும், ஃபில்டர் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் மேல எகிறும். சிகாகோல 1987 வாக்குல ஆசிட் ஹவுஸ்னு ஒரு இசையே அந்த எகிறலை வெச்சுத்தான் பிறந்தது.

80கள் பாட்டுல கேக்குற சிந்த் எல்லாம் அனலாக்தானா?

இல்ல. 1983ல யமஹா டிஎக்ஸ்7 வந்ததும் உலகம் முழுக்க கண்ணாடி மாதிரி மணி சத்தம், எலக்ட்ரிக் பியானோ எல்லாம் அதுக்குப் போயிடுச்சு. அது எஃப்எம் (ஒரு அலையை வெச்சு இன்னொண்ணை ஆட்டி ஒலி பண்ற முறை), டிஜிட்டல், அதுல ஃபில்டரே கிடையாது.

வீட்டுல ரெண்டு சிந்த்தை எப்படி ஒழுங்கா கம்பேர் பண்றது?

முதல் வேலை வால்யூமைச் சமப்படுத்துறது. ஒரு டெசிபல் ஜாஸ்தியா இருக்குறது நல்ல சவுண்டுன்னு காது சொல்லிடும், அதனால மீட்டரைப் பார்த்து சமப்படுத்துங்க. எஃபெக்ட் எதுவும் வேண்டாம், ஜூனோ கோரஸ் உள்பட. ஃபேக்டரி ப்ரீசெட்டும் (கம்பெனியே சேமிச்சுக் குடுக்குற சவுண்ட்) வேண்டாம், அது அந்த சிந்த் பண்ணினவரோட ரசனை.

ஒரு சா வேவ், 55 ஹெர்ட்ஸ் ஏ நோட்டு, கட்ஆஃப் நடுவுல, ரெசனன்ஸை பூஜ்யத்துல இருந்து முழுசுக்கு ஒரு பத்து நொடியில ஏத்துங்க, பேஸ் என்ன ஆகுதுன்னு மட்டும் கேளுங்க. அப்புறம் ரெசனன்ஸைக் குறைச்சிட்டு என்வலப்ல அட்டாக்கை (எழும்புற நேரம்) பூஜ்யம், டிகேவை (அடங்குற நேரம்) முடிஞ்ச வரைக்கும் சின்னதா வெச்சு அதே நோட்டைத் தட்டுங்க. மினிமூக் வகையில 'டக்'னு மரத்துல தட்டின மாதிரி வரும், சில பாலி சிந்த்ல (ஒரே நேரத்துல பல நோட்டு வாசிக்கிற சிந்த்) என்வலப்பை ப்ராசஸர் கணக்குப் போட்டு அனுப்புறதால முனை மழுங்கி வரும். கடைசியா மிக்ஸர் அளவை ஏத்திப் பாருங்க. இந்த மூணும் முடிஞ்சா ஒரு சிந்த்தோட முக்கால்வாசி குணம் தெரிஞ்சுடும்.

ப்ளகின் போதாதா?

பாட்டுக்குள்ள வெச்சுட்டா பெரும்பாலும் போதும், நானும் பயன்படுத்துறேன். ஓரத்துக்குப் போகும்போதுதான் வித்தியாசம் தெரியும்: ரெசனன்ஸ் உச்சத்துல, ஆஸிலேட்டரை வெச்சு ஃபில்டரை வேகமா ஆட்டும்போது, ஃபீட்பேக் கேபிள் போடும்போது. அங்க சில ப்ளகின் அழகா சமாளிக்குது, சிலது தகர டப்பா மாதிரி ஆகிடுது. மௌஸ்ல ஒரு நாபைத்தான் பிடிக்க முடியும்ங்கறதும் சவுண்டை மாத்துற விஷயம்தான், கட்ஆஃபையும் ரெசனன்ஸையும் ரெண்டு கையால எதிரெதிரா திருப்பும்போது கிடைக்கிறது வேற.

பழைய சிந்த் வாங்கலாமா?

சர்வீஸ் பண்ண ஆள் இருந்தா வாங்கலாம். முதல்ல பின்பக்கம் எழுதியிருக்குற வோல்டேஜைப் பாருங்க. ஜப்பான் உள்நாட்டு மாடல் 100 வோல்ட், அமெரிக்காவுது 110-120, நம்மது 230. எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி ஆசை ஆசையா ஜப்பான்லேர்ந்து ஒரு பாலி சிந்த் வரவழைச்சான், வித்தவங்க ஒரு வார்த்தை சொல்லல, பெட்டியிலயும் எதுவும் ஒட்டல. நேரா செவுத்துல சொருகினான், ரெண்டு நொடியில வார்னிஷ் கருகுற வாசனை, ட்ரான்ஸ்ஃபார்மர் போச்சு. வோல்டேஜைக் குறைக்கிற ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்காம ஆன் பண்ணவே பண்ணாதீங்க. ஜூனோ-106ன்னா ஆறு வாய்ஸையும் (ஒரு நோட்டுக்கு ஒரு சர்க்யூட்) ஒவ்வொண்ணா வாசிச்சுப் பாருங்க, அந்த வாய்ஸ் சிப் மேல பூசியிருக்குற எபாக்ஸியால நாளாக ஆக நோட்டு விட்டுப்போறது அல்லது கரகரங்கறது ரொம்ப சகஜம்.

ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும், எது?

பேஸ், லீட்னா மூக் வகை. சத்தத்தோட சண்டை போடப் பிடிக்கும்னா எம்எஸ்-20 மினி. கார்டு வாசிக்கிறவங்கன்னா ஜூனோ வகையில ஏதாவது ஒண்ணு, கூடவே ஒரு நல்ல ஸ்டீரியோ கேபிள் ஜோடி, மோனோல ஜூனோ வாசிக்கிறது பாவம். கடைக்குப் போனா ப்ரீசெட் பட்டன் பக்கம் போகாதீங்க, ஒரு சா வேவை மட்டும் வெச்சுக்கிட்டு கட்ஆஃபை பாதிக்கு இறக்கிட்டு, ரெசனன்ஸ் நாப் மேல கையை வெச்சு பத்து நிமிஷம் உக்காருங்க.